மேல் ஈறு

பேரனுக்குப் பல் முளைக்கிறது. ஈறு வீங்கி, எச்சில் ஒழுக, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறான். மருமகள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் கொடுத்தாள். கடித்தான், அடங்கினான். மேல்பல்லா கீழ்ப்பல்லா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்கத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வளையத்துக்கு எங்கள் டாக்டருடைய ஸ்டெதாஸ்கோப் குழாயின் வாசனை. யுத்த காலத்தில் கம்பம் ஊரில் அவருடைய மருந்தகத்தில் நான் கம்பவுண்டர். மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொய்னா மிக்சரும் கிராம்புத் தைலமும் மணக்கிற சட்டையோடு சந்தைக்குப் போனால் ஜனங்கள் விலகி வழி விடுவார்கள். மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளின் ஈறு வீக்கத்துக்கு டாக்டர் மருந்தே எழுதமாட்டார். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்க்கச் சொல்வார். அது என் வேலை. தாய்மார்களும் பேசாமல் காட்டுவார்கள், கீழ் ஈறாக இருந்தால். மேல்பல் முதலில் வந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

கோம்பையிலிருந்து பேச்சியம்மாள் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாளாகப் பிள்ளை பால் குடிக்கவில்லை. மேல் ஈறு சிவந்து உப்பியிருந்தது. துணியை நனைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தேய்க்காதீக. தேய்ச்சா வெரசா வெளிய வந்துரும். கீழ்ப்பல்லு வர்ற வரைக்கும் இத அமுக்கி வைக்க மருந்து இருக்கா?"

பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன். ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. மலைக்காய்ச்சலுக்கு மருந்து வாங்க அன்று அவரும் இறங்கி வந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ள என்னத்துக்கு இப்பிடி அழுகுது?" என்றார்.

அவள் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மறைத்தாள். "மேல்பல்லு மொதல்ல வருது" என்று நான் சொல்லிவிட்டேன். நாலெழுத்து படித்த திமிர். பிற்பாடு எத்தனையோ பேர் என்னை முறைத்திருக்கிறார்கள். அவளைப் போல யாரும் பார்த்ததில்லை.

அவர் எழுந்து பானைத் தண்ணீரில் கையைக் கழுவினார். துணியை என்னிடமிருந்து வாங்கி விரலில் சுற்றி, தானே பிள்ளையின் மேல் ஈறைத் தேய்த்தார். காய்ச்சலில் அந்த விரல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வரட்டும் ஆத்தா. அதுக்காகப் பச்சப்பிள்ளையப் பட்டினி போடுவாகளா?"

பிள்ளை விரலைக் கவ்விக்கொண்டு அடங்கியது. சற்று நேரத்தில் பாலும் குடித்தது.

அந்த ஐப்பசி மழையில் மலையிலேயே காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அந்த வருஷம் அப்படிப் போனவர்கள் ஏராளம். அவர்களில் பல பேருடைய அக்கா தங்கை பிள்ளைகளுக்குக் கீழ்ப்பல்தான் முதலில் வந்திருக்கும். இதைப் பேச்சியம்மாளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வருத்தமாக இருந்தது.

மருந்தகம் இருந்த இடத்தில் இப்போது ஜவுளிக்கடை. மலைக்காய்ச்சலையும் காணோம். மேல்பல்லுக்குப் பயப்படுகிறவர்களும் அநேகமாக இல்லை. எனக்குத் தெரிந்து அந்தப் பயத்தை முதலில் விட்டவள் பேச்சியம்மாள்தான். இரண்டு வருஷம் கழித்து அடுத்த பிள்ளையோடு வந்தாள். அதற்கும் மேல் ஈறுதான். நான் தயங்கி நின்றேன். அவளே பிள்ளையின் வாயைத் திறந்து காட்டினாள்.

"நல்லாத் தேய்ச்சு விடுங்க. இனி எனக்கு யாரு இருக்காக?"