துரை சாதுவான கதை

அக்காவின் மடியில் துரை அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம் எனக்கு இன்னும் அப்படியே கண்முன் நிற்கிறது. துரை என்பது அக்கா வளர்த்த வெள்ளை முயல். யார் மடியிலும் ஒரு கணம்கூடத் தங்காத பிராணி. அன்றைக்கு இரண்டு காதுகளையும் முதுகோடு படியவைத்து, கண்களைப் பாதி மூடி, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது கலைந்துவிடுமோ என்று அக்கா மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். அப்பா, அம்மா, நான், கீழ்வீட்டில் பூக்கட்டும் அம்மாள் எல்லாரும் சுற்றி நின்று அந்த அதிசயத்தைப் பார்த்தோம். எங்கள் வீட்டில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சந்தோஷமாக இருந்தது அபூர்வம்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கெர்பாவ் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் குதிரை லாயத்தில் வேலை. என்னைவிட ஆறேழு வயது மூத்தவள் அக்கா. அவள் சிரித்தால் கீழே கடைகளை ஒட்டிய அஞ்சடி நடைபாதையில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். காலையில் எழுந்தது முதல் படுக்கிற வரை வாய் ஓயாது. தேக்கா சந்தையில் கோழிக் கூண்டுகளுக்கு நடுவே கறிக்காக வைத்திருந்த குட்டியை அழுது அடம்பிடித்து வாங்கி வந்தவளும் அவள்தான். வெள்ளைத் தோலும் யாரையும் மதிக்காத பார்வையுமாக இருந்ததால் துரை என்று பெயர் வைத்தாள்.

குட்டியாக இருந்த வரை துரையால் தொந்தரவு இல்லை. வயதுக்கு வந்ததும் குணமே மாறிப்போயிற்று. யார் நடந்தாலும் காலைச் சுற்றிச் சுற்றி ஓடி உறுமும். கூடையில் கை விட்டால் கடிக்கும். பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு மூத்திரத்தைப் பீய்ச்சியடிக்கும். சுவர், பாய், அப்பாவின் வேலைச் சட்டை எதையும் விட்டுவைக்கவில்லை. அம்மாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "இத சந்தையிலேயே விட்டுருந்தா இந்நேரம் யாராவது குழம்பு வச்சுருப்பாங்க" என்பாள். அக்கா அவளுக்கும் மேலே கத்துவாள். முயலை அடக்க முடியாத வீட்டில் அக்காவை மட்டும் யார் அடக்குவது?

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை செம்பவாங் கப்பல் தளத்தில் வேலை பார்த்தார். அங்கேயே குடியிருப்பும் கொடுத்திருந்தார்கள். அக்கா காப்பித் தட்டோடு வெளியே வர, எப்படியோ கூடையிலிருந்து தப்பிய துரை நேராக மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய், அவருடைய பட்டுப்புடவை ஓரத்தில் தன் வேலையைக் காட்டிவிட்டது. அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவ்வளவுதான், சம்பந்தம் முறிந்தது என்று அப்பா வெளிறிப்போனார். முறியவில்லை. நாள் குறிக்கப் போனபோது அக்கா வைத்த ஒரே நிபந்தனை, துரையையும் கூட அழைத்துப் போக வேண்டும் என்பது. மாப்பிள்ளையின் அம்மா மறுக்கவும் இல்லை. "கொண்டு வரட்டும். ஆனா இந்தச் சேட்ட எல்லாம் எங்க வீட்ல ஆகாது" என்றார். முயலைச் சொன்னாரா, அக்காவைச் சொன்னாரா என்று எனக்கு அன்றே சந்தேகம்.

தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத இடத்துக்குப் போகிற பெண்ணுக்கு அந்த முயல் எவ்வளவு பெரிய துணை என்பது அப்பாவுக்குப் புரிந்திருந்தது. முரட்டுக் குதிரைகளுக்கு லாயத்தில் காயடிப்பார்கள். அதற்கு வருகிற வைத்தியரிடம், முயலுக்கும் அதைச் செய்ய முடியுமா என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டு வந்தார். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததும் அம்மா, "வயசுப் பொண்ணுங்க இருக்கிற வீட்ல என்ன பேச்சு இது?" என்று சீறினாள். அதனால் அது 'அந்த ஆபரேஷன்' ஆயிற்று. "குதிரையே ஒடனே அடங்காது. கொஞ்சம் கொஞ்சமா, ஒரு மாசம் ஆவும். கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்" என்றார் அப்பா. இதை அவர் சொன்னபோது எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

ஆபரேஷன் முடிந்து துரை கூடையில் தள்ளாடியபடி வீட்டுக்கு வந்தது. அதைப் பார்த்ததும் அம்மாவின் மனம் அடியோடு மாறிவிட்டது. கத்தி பட்ட உடம்பு. இனி அது அம்மாவின் பொறுப்பு. எங்கள் தெருவில் பிரசவமானவர்களுக்குப் பத்தியம் சொல்ல அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அதே பத்தியத்தை முயலுக்கும் வைத்தாள். பச்சை இலை குளிர்ச்சி, புண் சீழ் பிடிக்கும் என்று கங்கோங் கீரையை நிறுத்தினாள். பூண்டு போட்ட கஞ்சி, பொரை ரொட்டி, மிளகு தட்டிப் போட்ட வெந்நீர். தையல் போட்ட இடத்தில் மஞ்சள் பற்று. அக்கா ஒளித்துக் கொண்டுவந்த கீரையைக்கூடப் பிடுங்கி வீசினாள். "எத்தன பேருக்குப் பாத்துருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று தன் பழைய சேலையைக் கிழித்து அதற்குப் படுக்கை போட்டாள். அந்த முயலை அம்மா அதற்கு முன் தொட்டதே இல்லை.

துரை கஞ்சியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உறுமவில்லை, ஓடவில்லை, கடிக்கவில்லை. ஓரிரு நாளில் தூக்கினால் தூக்கிய கையோடு வந்தது. "பாத்தியா, எவ்ளோ சாதுவாயிட்டான்!" என்று அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மாதக்கணக்கு சொன்ன அப்பாவே, "டாக்டர் கை ராசி" என்று மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் மூலம் சேதி அனுப்பினார். அன்று சாயங்காலம்தான் அக்கா அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "எம் மடியில உக்காந்துட்டான்! இனிமே எங்க வேணா கூட்டிட்டுப் போலாம் லா" என்றாள். அது பல்லை மெல்ல நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. பூக்கட்டும் அம்மாள் அதைச் சுகம் என்றார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

மறுநாள் காலையில் காது இரண்டும் சில்லிட்டிருந்தன. வயிறு கல்லாக இறுகியிருந்தது. கூடையை அணைத்துக்கொண்டு டாக்சியில் ஓடினோம். வைத்தியர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா மொழிபெயர்க்க, அம்மா தன் பத்தியத்தை ஒன்று விடாமல் சொன்னாள், கொஞ்சம் பெருமையாகவே. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. புல்லும் இலையும் இடைவிடாமல் மென்றால்தான் முயலின் குடல் ஓடும், நின்றுவிட்டால் திரும்ப ஓடவைப்பது கஷ்டம் என்றார். சாதுவாகிவிட்டது என்று நினைத்தோம் என்றார் அப்பா. அது வலி, வலி வந்தால் முயல் இப்படித்தான் இருக்கும் என்றார் அவர். அப்பா அதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மதியத்துக்குள் துரையின் மூச்சு அக்காவின் கையிலேயே அடங்கிப்போயிற்று. அக்கா அம்மாவோடு சண்டை போடுவாள் என்று நாங்கள் காத்திருந்தோம். அவள் போடவே இல்லை.

இப்போது ஈசூனில் என் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு முயல் வளர்க்கிறாள். போன மாதம் அதற்கும் அந்த ஆபரேஷன் நடந்தது. "ஆண்ட்டி, சாப்பிடலன்னா வெய்ட் பண்ணக்கூடாதுன்னு டாக்டர் சொன்னார் லா" என்று வைக்கோலை அதன் வாயருகே நீட்டிக்கொண்டே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். அது மென்று தின்கிற சத்தம் கேட்கும் வரை நானும் அங்கிருந்து எழவில்லை. சில வாரம் கழித்து அதன் உறுமலும் கடியும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அப்பா சொன்ன கணக்கு சரிதான்.

குறித்த நாளில் அக்காவின் கல்யாணம் நடந்தது. ஒரு மாதம் கழித்து அவளைப் பார்க்கச் செம்பவாங்குக்குப் போனோம். மாமியார் வாசலுக்கே வந்து வரவேற்றார். "ஒங்க பொண்ணு தங்கம். பொண்ணு பாக்க வந்தப்ப, இந்த வாயாடியவா கட்டிட்டுப் போகப் போறோம்னு பயந்தேன். இப்ப வாயத் தொறந்து ஒரு வார்த்த கெடையாது. எவ்ளோ சாதுவாயிட்டா!" என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. அக்கா சமையலறை வாசலில் தலையைக் குனிந்து நின்றிருந்தாள்.

அம்மா காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"சாப்பிடறாளா?" என்றாள்.

மாமியார் சிரித்தார். "என்ன சம்பந்தி கேள்வி இது? நம்ம வீட்ல சோத்துக்கா பஞ்சம்?"

அம்மா எழுந்து போய் அக்காவின் கையைப் பிடித்தாள். வளையலை மேலே தள்ளினாள்; அது எங்கும் தடுக்காமல் முழங்கை வரை போயிற்று.

"சாப்பிடறேம்மா" என்றாள் அக்கா.

இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும் என்று அப்பா எழுந்தார். அவளை அங்கேயே விட்டுவிட்டு வீடு திரும்பினோம்.