விட்டுப்போனதையும் எழுத வேண்டும்

எழுதியவரைத் தவிர இன்னொருவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் எந்த மாற்றமும் உள்ளே போகக் கூடாது என்பது எங்கள் கம்பெனி விதி. விதியைக் கொண்டுவந்தவர் என் மேலாளர். அதை அவருக்கு எதிராகவே நான் பிடித்துக்கொள்வேன் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலேசியாவில், சிரம்பான் பக்கம் அம்பாங்கானில் ஒரு கடைவீட்டின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. பாமாயில் எடுக்கும் செம்பனை ஆலைகளில் கொதிகலனைக் கண்காணிக்கும் பெட்டிகளைச் செய்தோம். பெட்டிக்குள் ஓடிய இயங்குதளம் எங்கள் சொந்தத் தயாரிப்பு. அதன் கெர்னலில், அதாவது எல்லா வேலைகளையும் பங்கிட்டுக் கொடுக்கும் மையப் பகுதியில், யார் எதை மாற்றினாலும் வரி வரியாகப் படித்துச் சரி அல்லது சரியில்லை என்று சொல்வது என் வேலை. வாரநாள்களில் பாரோயில் ஒரு வாடகை அறையில் இருப்பேன். சனிக்கிழமை சுவா பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு, அம்மாவிடம் போய்விடுவேன். அம்மாவுக்குக் கெர்னல் என்றால் செம்பனைக் கொட்டைக்குள் இருக்கும் பருப்புதான். "அதப் பாக்குறதுக்கா இவ்ளோ படிச்ச? மில்லு வாசல்ல போய் நின்னாலே தெரியுமே" என்பார். நானும் திருத்தியதில்லை.

கெர்னலுக்குள் டிரேஸ் என்று ஒன்று வைத்திருந்தோம். ஒரு சிக்னல் வந்தால், கடிகாரம் துடித்தால், யாராவது சுவிட்சைத் திருப்பினால், அது எந்த நொடியில் நடந்தது என்பதோடு நினைவகத்தில் ஓர் ஓரத்தில் எழுதி வைக்கும். பெட்டி நின்றுபோனால் அதை எடுத்துப் படித்துத்தான் என்ன நடந்தது என்று சொல்வோம். பழைய டிரேஸ் மெதுவாக இருந்தது. மேலாளரே உட்கார்ந்து புதிதாக எழுதினார். துளைபோட்ட நீளத் தாளில் அச்சடித்து என் மேசைக்கு வந்தது.

நல்ல கை அவருக்கு. படிக்கப் படிக்கப் பிடித்திருந்தது. ஓரிடத்தில் நின்றேன். எழுதும் இடம் நிரம்பிவிட்டால், மறுபடி காலியாகும்வரை அடுத்து வருவதை எழுதாமல் திரும்பிவிடு என்றிருந்தது. எழுதவில்லை என்பதற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஓரத்தில், 'நிரம்பினால் விடலாம், விட்டது எத்தனை என்று பதிய வேண்டும்' என்று எழுதி, கையெழுத்து இடத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

அவர் சிரம்பானில் பழைய வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. லண்டனில் படித்தவர். அறைக்குக் கூப்பிட்டார்.

"என்னா இது, கையெழுத்து எங்க?"

"போடல சார். விடுபட்டத எண்ணணும்."

"பழைய டிரேஸால பெட்டியே திணறுச்சு, தெரியும்தானே? இப்ப எப்படி ஓடுது பாத்தியா?"

"நல்லா ஓடுது சார். ஆனா இடம் எப்ப நிரம்பும்? சிக்னல் குவியிறப்பதான். சிக்னல் எப்ப குவியும்? கோளாறு வர்றப்பதான். டிரேஸ் நமக்கு வேணுங்கிற நேரம் பாத்து அது வாய மூடிக்குது."

"அது எப்பவாச்சும் ஒரு தடவ லா."

"அந்த ஒரு தடவைக்குத்தான் சார் டிரேஸே வெச்சிருக்கோம்."

தாளை என் பக்கம் தள்ளினார். நான் அவர் பக்கம் தள்ளினேன்.

"எஸ்டேட் புத்தி. ஒண்ணப் புடிச்சா விடமாட்டீங்க."

"ஆமா சார். விடமாட்டோம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கையெழுத்துப் போடவில்லை.

அவர் காத்திருக்கவில்லை. 'பரிசோதனைக்கு' என்று சொல்லி ஓர் ஆலையில் அதை ஏற்றிவிட்டார். எந்த ஆலை என்று எனக்குத் தெரிந்தது ஒரு சனிக்கிழமை, தோட்டத்தில்தான். ஆலையில் கொதிகலன் பார்க்கும் அண்ணன் ஒருவர் எங்கள் லயனில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்களுக்குப் பக்கத்து வீடு. ஷிப்டில் இருக்க வேண்டியவர் வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க தங்கச்சி" என்றார். "பெட்டி செத்துப் போச்சு. பிரஷர் ஏறுதா இறங்குதான்னு ஒண்ணும் காட்டல. பயந்துபோய்தான் பெட்டியோட சுவிட்ச அமத்தினேன். நான் அமத்தினதாலதான் பெட்டி நின்னுச்சுங்கிறாங்க. உங்க கம்பெனி குடுத்த ரெக்கார்டுல அப்படித்தான் இருக்காம்."

உங்க கம்பெனி. அந்தச் சொல் என்னைத் தூங்க விடவில்லை.

திங்கட்கிழமை அந்த டிரேஸை வாங்கிப் படித்தேன். அன்று மதியமே ஆலையின் இன்ஜினியர் வந்தார், ஒரு மலாய்க்காரர். அந்தப் பேச்சுக்கு நான் வர வேண்டாம் என்று மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், தாளை மேசையில் விரித்தேன்.

மலாயில்தான் சொன்னேன். "இது கடிகாரத் துடிப்பு. சீராக வந்துகொண்டே இருக்கிறது. இங்கே நிற்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகுதான் சுவிட்ச். சுவிட்சைத் தொடுவதற்கு முன்னாடியே கடிகாரம் ஏன் நின்றது?"

ஆலை இன்ஜினியர் தாளையே பார்த்தார்.

"நிற்கவில்லை. எழுதவில்லை, அவ்வளவுதான். இடம் நிரம்பிவிட்டது. கொஞ்சம் காலியான பிறகுதான் சுவிட்ச் பதிவாகியிருக்கிறது. நடுவில் என்னென்னவோ நடந்திருக்கிறது, எதுவும் இதில் இல்லை. இதை வைத்து ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள்."

"இவர் சொல்வது சரியா?" என்று இன்ஜினியர் மேலாளரைக் கேட்டார்.

மேலாளரின் முகம் சிவந்திருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த அறையில் அவர் பேச்சுதான் எடுபட்டிருக்கும். தாளை இழுத்து, துடிப்பு நிற்கும் இடத்தில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கலாம்" என்றார்.

விடுபட்டதை எண்ணும் வரியை அவரே எழுதினார். ஒப்புதலுக்கு என்னிடம்தான் வந்தது. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் இன்னொரு சிக்னல் குறுக்கிட்டால் ஓர் எண் தொலைந்துபோகும்படி எழுதியிருந்தார். திருப்பி அனுப்பினேன். பக்கத்து மேசைக்காரி, "உனக்கு உண்மையிலேயே பயமே இல்லையாடி?" என்றாள். இருந்தது. ஆனால் தொலைந்ததை எண்ணும் எண்ணிக்கையே தொலைந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? மறுபடி எழுதி அனுப்பினார். இந்த முறை கையெழுத்துப் போட்டேன்.

புதியதை ஆலையில் ஏற்றிய பிறகு, பெட்டி மறுபடி நின்ற நாளில் விடுபட்டவற்றின் எண்ணிக்கை எகிறியிருந்தது; காரணத்தைத் தேடியதில் விஷயம் வெளியே வந்தது. நீராவியில் வெந்து தோலுரிந்த ஒரு சென்சார் வயர் தொட்டும் தொடாமலும் ஆடி, சிக்னலைக் கொட்டித் தள்ளியிருந்தது. பெட்டி அதில் மூழ்கிப் போயிருந்தது. வயரை மாற்றினார்கள். அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். தப்பு எங்களுடையது என்று ஆலையும் சொல்லவில்லை, எங்கள் கம்பெனியும் சொல்லவில்லை. "கூப்பிட்டாங்கல்ல, போதும் லா" என்றார் அண்ணன். எனக்குப் போதவில்லை. அவர் மேல் தவறில்லை என்று எழுத்தில் கொடுங்கள் என்று ஆலைக்கு எழுதச் சொல்லி மேலாளரை நச்சரித்தேன். ஆலையிலிருந்து அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

அந்த வருடக் கடைசியில் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நேரே போய்க் காரணம் கேட்டேன்.

"உன்னோட வேல செய்றது சூசா" என்றார் மேலாளர். கஷ்டம் என்று அர்த்தம்.

"லேசா விட்டுட்டுப் போறதுக்கு என்னை எதுக்கு சார் உக்கார வெச்சிருக்கீங்க?"

அடுத்து ஒப்புதலுக்குப் போக வேண்டிய தாள்கட்டு அவர் மேசை ஓரத்தில் இருந்தது. படித்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் என்று அதன் மேல் என் பெயரைத்தான் எழுதியிருந்தார். எடுத்துக்கொண்டு வந்து, சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.