சனிக்கிழமை எண்ணெய்

கொரட்டூர் ஜேசுராஜுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பொருளையும் தூக்கிப் போட மாட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலமெல்லாம் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். ஒரு பொருள் கெட்டுப்போச்சு என்று யாராவது சொன்னாலே போதும், மூக்கு சிவந்துவிடும். "அது கெட்டுப்போவல, உனுக்குப் பாக்கத் தெரியல" என்பார். மகள் ஹெலினா காலேஜில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர், அவள் கல்யாணமாகிக் காட்டுப்பாக்கம் போய் இத்தனை வருஷமான பிறகும் கூடத்து மூலையில் துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்றால், காரணம் அந்த வியாதிதான். அவர் பெண்சாதி ஆரோக்கியம்மாள் அதை எடைக்குப் போடச் சொல்லி மல்லுக்கட்டாத மாசமில்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அதே டப்பாவின் முன்னால்தான், காட்டுப்பாக்கத்திலிருந்து வந்திருந்த ஹெலினாவோடு சேர்த்து, மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

விஷயம் சின்ன விஷயமில்லை. ஆரோக்கியம்மாளுக்கு இருமல் விடவில்லை என்று ஸ்கேன் எடுத்ததில், வலது நுரையீரலில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. நெஞ்சைத் திறந்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஆரோக்கியத்துக்குச் சர்க்கரை உண்டு, வீசிங் உண்டு. மயக்க மருந்து கொடுத்தால் எழுந்து வருவாளா என்பதே சந்தேகம். அதையும் அந்த அம்மா மறைக்காமல் சொல்லிவிட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது நெஞ்சு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா? அதுலயும் இதே கட்டி இதே அளவுல இருந்தா, கத்தியே வேணாம். சும்மா கெடக்குற கட்டின்னு விட்டுடலாம். அதுல இல்லன்னா, திங்கக்கிழமை காலையில தியேட்டர்."

எடுத்திருந்தார்கள். கொரோனா சமயத்தில் மூச்சுத் திணறி ஆரோக்கியம் படுத்தபோது பாடிப் பக்கத்தில் ஒரு சென்டரில் எடுத்த ஸ்கேன். அந்த இடத்தில் இப்போது பிரியாணிக் கடை. அப்போது கொடுத்த ஃபிலிமும் ரிப்போர்ட்டும் கட்டிலுக்கடியில் இருந்தன. ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்த வருஷம் ஊறிப்போய் அப்பளக் கட்டு மாதிரி ஒட்டிக்கொண்டன. தப்பித்தது கூடவே கொடுத்த சிடி ஒன்றுதான். அதை ஆரோக்கியம் மாதா படத்துக்குப் பக்கத்தில், தண்ணீர் எட்டாத உயரத்து அலமாரியில் வைத்திருந்தாள். காலையில் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் போட்டார்கள். கொஞ்சம் சுற்றிவிட்டு வெளியே தள்ளிவிட்டது. டாக்டரம்மா ஆறு மணிக்கு ஏர்போர்ட் கிளம்பி, திங்கட்கிழமை காலையில்தான் திரும்புகிறவர். "அதுக்குள்ள எப்படியாவது திறந்து என் போனுக்கு அனுப்புங்க. இல்லன்னா நாளைக்கு சாயங்காலம் அட்மிட் ஆயிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

வரும் வழியில் இரண்டு பிரவுசிங் சென்டரில் ஏறி இறங்கினார்கள். "சிடியா? அந்த டிரைவெல்லாம் இப்ப யாருண்ணே வெச்சிகினு கீறாங்க?" என்று சிரித்தான் ஒருவன்.

"எங்க ஊட்ல கீதுடா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆட்டோவில் ஏறினார் ஜேசுராஜ். அந்த ஒரு நிமிஷம் மனுஷனுக்கு ஜெயித்த மாதிரிதான் இருந்தது.

கம்ப்யூட்டர் உயிர் பெற்றது. சிடியைத் தட்டில் வைத்துத் தள்ளினார். பச்சை விளக்கு மினுக்கியது. உள்ளே டர்ர்ர் என்று சுற்றி, டக் டக் என்று இரண்டு முறை முட்டி, அடங்கியது. டிஸ்க்கைப் போடவும் என்று திரையில் எழுத்து வந்தது.

"போட்டுதானேடா கீறேன்! கண்ணு அவிஞ்சா பூட்ச்சு உனுக்கு?" என்று கம்ப்யூட்டரைத் திட்டினார்.

ஹெலினாதான் யோசனை சொன்னாள். "ப்பா, இத எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுப் பாரு. கெட்டது சிடியா, டிரைவான்னு தெரியும்."

நல்ல யோசனைதான். கிறிஸ்துமஸ் பாட்டு சிடி ஒன்று இருந்தது. போட்டார். அதே டர்ர்ர், அதே டக் டக், அதே எழுத்து.

"பாத்தியா! சிடி மேல தப்பில்ல. டிரைவுதான் கோளாறு" என்று துள்ளினார். பாட்டு சிடியை எடுத்துவிட்டு ஸ்கேன் சிடியை மறுபடி உள்ளே தள்ளினார். அவசரம், வேறென்ன! இந்தத் தடவை அது சுற்றக்கூட இல்லை. பட்டனை அமுக்கினார். தட்டு வெளியே வரவில்லை. மறுபடி அமுக்கினார். உள்ளே ஏதோ முனகியது, அவ்வளவுதான். இருந்த ஒரே சிடியும் உள்ளே மாட்டிக்கொண்டது.

ஆரோக்கியம் நாற்காலியில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். விரல் நின்றுவிட்டது. "உள்ளயே ஒடஞ்சிடுச்சாங்க?" என்றாள்.

"வாய மூடு" என்று சீறினார் ஜேசுராஜ். நெஞ்சில் கட்டியை வைத்துக்கொண்டு இருக்கிறவளைப் போய்! ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

கரண்ட்டை அணைத்தார். தட்டின் முகப்பில் ஒரு சின்ன ஓட்டை இருப்பது அவருக்குத் தெரியும். ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி அதற்குள் நேராக விட்டுத் தள்ளினார். லேத்தில் முடி அளவு பிசகாமல் கடைந்த கை ஐயா அது. ஏதோ தடுத்தது; இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கிளக் என்று தட்டு ஒரு விரல் அகலம் வெளியே வந்தது. மெதுவாக இழுத்து சிடியை எடுத்து ஹெலினா கையில் கொடுத்தார். ஒரு கீறல் இல்லை. மூன்று பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள்.

கம்ப்யூட்டர் டப்பாவின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தூசி ஊதி அழுத்திச் சொருகினார். பாட்டு சிடியைப் போட்டுப் பார்த்தார். ம்ஹூம். மணி நாலரை ஆகியிருந்தது. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் துலுக்கானத்துக்குப் போன் போட்டார். புது டிரைவ் வேண்டுமென்றால் ரிச்சி தெருவில் சொல்லி வைத்து நாளை மறுநாள் வாங்கித் தருகிறேன் என்றான் அவன். "நாளை மறுநாள் அவள கிழிச்சிடுவாங்கடா!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தார். அப்புறம்தான் ஆரோக்கியம் பக்கத்திலேயே இருப்பது ஞாபகம் வந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

ஜேசுராஜ் டிரைவையே கழற்றித் தரையில் வைத்தார். நான்கு திருகாணி. தகட்டைத் தூக்கினால் நடுவில் குன்றிமணி அளவுக்கு ஒரு கண். அந்தக் கண்ணாடி பளிச்சென்று இருந்தால்தான் சிடியில் எழுதியிருப்பது அதற்குத் தெரியும். ஹெலினாவின் போன் வெளிச்சத்தில் பார்த்தார். பழுப்பாகப் படலம் கட்டியிருந்தது. தூசிதான் என்று நினைத்துப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். பிசுபிசுவென்று ஒட்டியது.

தூசி ஒட்டாதே! பஞ்சை மூக்கருகில் கொண்டுபோனார். எண்ணெய். தூசியைப் பிடித்து வைத்திருந்ததே அந்த எண்ணெய்தான். எண்ணெய் என்றாலும் சமையல் எண்ணெய் இல்லை, மெழுகுவத்திப் புகை ஏறிய ஒரு வாசனை. இந்த வாசனை இந்த வீட்டில் எங்கே வரும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். சிடியை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். பளபளப்பான பக்கத்தில், துடைத்தும் போகாமல், மங்கலாக ஒரு சிலுவை தெரிந்தது.

"ஆரோக்கியம். இதுல இன்னா தடவுன?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெய். சனிக்கிழமை மாதா நாள் என்பதால், வாராவாரம் சாயங்காலம் ஜெபம் முடித்து வீட்டில் எல்லாருக்கும் நெற்றியில் சிலுவை போடுவாள். ஜேசுராஜ் மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவைகூட நெற்றியைக் காட்டியதில்லை. "பிசுக்கு, அந்தாண்ட தள்ளு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பொழச்சி வந்தன்னிலேர்ந்து இதுக்கும் போடுறேங்க" என்றாள். "நெஞ்சு மேல போட்டா தோலோட நின்னுடும். இது உள்ளாற எடுத்த படமாச்சே. இது மேல போட்டா என் நுரையீரல் மேலயே போட்ட மாதிரின்னு நெனச்சேன். காலையில உங்க கையில குடுக்க சொல்ல தொடச்சிட்டுதான் குடுத்தேன்."

அடப்பாவி மகளே! ஒவ்வொரு வாரமும் ஒரு சிலுவை, இத்தனை வருஷம். சுற்றும்போது அந்த எண்ணெய் தெறித்து டிரைவின் கண்ணையும் மூடியிருக்கிறது. காலையில் ஆஸ்பத்திரியில் ஓடாததற்கும் இதுவேதான் காரணம். ஜேசுராஜுக்கு உச்சி கொதித்தது. வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். ஏரித் தண்ணீரிலிருந்து இதைக் காப்பாற்றியதும் அதே எண்ணெய்ப் பக்திதான் என்பது அப்போதுதான் உறைத்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"சோப்புப் போட்டுக் கழுவணும்" என்றார்.

"ஐயோ, வேணாங்க!" ஆரோக்கியம் எழுந்தே விட்டாள். "அதான் என்ன இவ்ளோ நாளா புடிச்சி வெச்சிகினு கீது. அத அழிச்சிட்டா நான் இன்னாத்த நம்பிப் போவேன்?"

"மா, மணி அஞ்சு ஆவுது" என்றாள் ஹெலினா அழுகிற குரலில்.

ஜேசுராஜ் சிடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டே எட்டில் குழாயடிக்குப் போய்விடலாம். போகவில்லை. கோபம் எல்லாம் வடிந்துபோய், அவர் வாயிலிருந்து யாரும் கேட்டறியாத ஒரு குரல் வந்தது. "ஆரோக்கியம், உன் மாதா இந்த சிடி மேலயா கீறா? உன் மேல கீறாம்மா. நீ எனக்கு வோணும். நீயே கழுவு."

அவள் சிடியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். ஒரு கிண்ணத்தைக் கீழே பிடித்துக்கொண்டாள். பாத்திரம் விளக்கும் சோப்பை ஒரு சொட்டு விட்டு, அவர் சொன்னபடி, வட்டமாகத் தேய்க்காமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக, விரல் நுனியால் வழித்து வழித்துக் கழுவினாள். மந்திரித்த எண்ணெய் கலந்த தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் மல்லிச் செடியின் காலடியில் சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றினாள். நேரமோ ஓடுகிறது, ஜேசுராஜுக்கோ பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

டிரைவின் கண்ணைத் துடைத்து, தகட்டை மூடி, வயரைச் சொருகினார். பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்த சிடியைத் தட்டில் வைத்தார். விளக்கு மினுக்கியது. டர்ர்ர். டக். மூன்று பேரும் அடுத்த டக்குக்குக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. சத்தம் மெல்ல ஏறி, ஒரே சீராக வ்வ்வ் என்று ஓட ஆரம்பித்தது. திரையில் ஆரோக்கியம்மாள் பெயர் வந்தது.

படம் பாதி வந்து உறைந்தது. ஹெலினா மவுஸைத் தொடப் போனாள். ஜேசுராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாத. அதும்பாட்டுக்கு வரட்டும்." உறைந்தது நகர்ந்தது. மறுபடி நின்றது. மறுபடி நகர்ந்தது. கருப்பும் சாம்பலுமாக, அவர் பெண்சாதியின் நெஞ்சுக்கூடு துண்டு துண்டாகத் திரையில் இறங்கி வந்தது. ஹெலினா மேலிருந்து கீழே வரை ஒவ்வொன்றாக நகர்த்திப் போனில் வீடியோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். எது கட்டி, எது ரத்தக் குழாய் என்று அவர்கள் யாருக்கும் விளங்கவில்லை. போனை மேசை மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரயில் ஒன்று ஸ்டேஷனைத் தாண்டிப் போனது. போன் அடித்தபோது ஜேசுராஜ் எடுக்கவில்லை, அவரால் முடியவில்லை. ஹெலினா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாத்துட்டேன்" என்றது டாக்டரம்மாவின் குரல், கார் இரைச்சலுக்கு நடுவில். "அதே இடம், அதே அளவு. அப்பவே இருந்திருக்கு, கொரோனா கலவரத்துல யாரும் கவனிக்கல. திங்கக்கிழமை வர வேணாம். இருமலுக்கு வேற மருந்து எழுதுறேன். அந்தப் படத்தையெல்லாம் பென் டிரைவ்ல ஏத்தி வெச்சிடுங்க."

ஹெலினா அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆரோக்கியம்மாள் அழவில்லை. மெதுவாக விலகிப் போய், மெழுகுவத்தி ஏற்றி, அலமாரியிலிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஆயிற்றே. ஹெலினாவுக்குச் சிலுவை போட்டாள். பழக்கதோஷம், விரலை மறுபடி நனைத்துக்கொண்டு, அப்போதுதான் வெளியே வந்த சிடியை நோக்கிக் கையை நீட்டினாள்.

ஜேசுராஜ் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்தார். போச்சு, இப்போது கத்தப் போகிறார் என்று ஹெலினா பயந்தாள். அவர் கத்தவில்லை. பிடித்த கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவள் உயரத்துக்குத் தலையைக் குனிந்தார்.

"இங்க போடு" என்றார்.

சிலுவை கோணலாக விழுந்தது. எண்ணெய் வழிந்து புருவத்தைத் தாண்டிக் கண்ணோரம் இறங்கியது. அவர் துடைக்கவில்லை.