நொச்சித் தலையணை

சிங்கப்பூரின் ஈசூனில் பஸ் ஓட்டும் பிரிஜட்டை அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் குறைவு. அவ்வளவு பெரிய பஸ்ஸைப் பொம்மை வண்டி மாதிரி வளைத்துத் திருப்புவாள். மூச்சு வாங்க ஓடி வருகிறவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள். ஏறியதும், "அலாரம் வச்சு எழுந்திருக்கலாம்லா" என்று ஒரு குத்தும் குத்துவாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு மாதா கோயிலில் முன்வரிசையில் இருப்பாள். ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று பங்கில் யாராவது கேட்டால், "தினம் அத்தனை பேரு என் பஸ்ஸுல ஏறுறாங்க, எல்லாரும் இறங்கித்தானே போறாங்க" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பதற்குள் அவளே சிரித்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு தலைவலி. அதை வெறும் தலைவலி என்று சொன்னால் அதற்கே கோபம் வரும். முதலில் பச்சை இலையைக் கசக்கிய மாதிரி ஒரு கசப்பு வாசம் மூக்கில் ஏறும். பிறகு இடது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவார்கள். அழுத்த அழுத்த, இடது பக்கம் இருப்பதெல்லாம் மங்கிக்கொண்டே வரும். மருத்துவமனையில் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். கொடுத்த மாத்திரையோ ஆளைத் தூங்கவைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அடிக்கடி விடுப்பு எடுப்பதைப் பார்த்த மேலதிகாரி ஒருநாள் அவளை அழைத்து, இப்படியே போனால் இனி டிப்போவில் உட்கார்ந்து செய்கிற வேலைதான் என்று பக்குவமாகச் சொன்னார். பஸ்ஸை எடுத்துவிட்டால் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

அடுக்குமாடியில் அவளுக்கு அடுத்த வீட்டில் சரோஜினி அக்கா இருந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் வசீகரன் ஆஸ்திரேலியாவில். வாசலை ஒட்டிய நடைவழியில் அவர் ஒரு மூலிகைத் தோட்டமே போட்டிருந்தார். துளசியும் கற்பூரவள்ளியும் புதினாவும் சின்னச் சின்னத் தொட்டிகளில் நிற்க, நடுவில் பெரிய தொட்டியில் ஆளுயரத்துக்கு ஒரு நொச்சி. அவருக்கும் ஒரு காலத்தில் தீராத தலைவலியாம். தேக்கா சந்தையில் கடையை மூடிக்கொண்டு ஊருக்கே திரும்பிப் போன பூக்காரி ஒருத்தி சும்மாவே தூக்கிக் கொடுத்த செடியாம் அது. இலையை நிழலில் உலர்த்தித் தலையணையாகத் தைத்து, அதில் தலை வைத்துப் படுக்க ஆரம்பித்ததும் தலைவலி போயே போய்விட்டதாம்.

பிரிஜட்டுக்கு வலி வந்த நாளெல்லாம் அவர்தான் ஓடி வருவார். அவள் வாய் திறந்து சொல்ல வேண்டியதுகூட இல்லை. இஞ்சி தட்டிப் போட்ட தேநீர் வரும், கோடாலித் தைலம் வரும், துளசி போட்டு ஆவி பிடிக்கச் சட்டியோடு வெந்நீர் வரும். அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டு, ஏனோ கண் கலங்குவார். இவ்வளவும் செய்தவர் நொச்சியில் மட்டும் ஓர் இலை கொடுத்ததில்லை.

"அக்கா, எனக்கும் ஒரு தலையணை தச்சுக் கொடுங்களேன்" என்று பிரிஜட் கேட்டாள்.

"இது உனக்கு ஒத்துவராது, பிள்ளை" என்றார் அவர்.

பிறகு ஒருமுறை கேட்டபோதும் அதே பதில், அதே குரல். அள்ளிக் கொடுக்கிற கை இந்த ஒரு செடியிடம் வந்து மூடிக்கொள்கிறதே என்று பிரிஜட்டுக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் பெரியவரிடம் முகத்தைக் காட்ட மனசு வரவில்லை.

சென்ற ஆண்டு சரோஜினி அக்கா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வசீகரன் வந்து காரியங்களை முடித்தான். இறந்தவர் படுத்த மெத்தையும் தலையணையும் வீட்டில் இருக்கக் கூடாது என்று கீழே குப்பை போடும் இடத்தில் கொண்டுபோய் வைத்தான். "செடியெல்லாம் நீங்களே வச்சுக்குங்கக்கா, எனக்கு இதெல்லாம் பார்க்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

செடி கைக்கு வந்துவிட்டது. ஆனால் ஒரு தலையணைக்கு வேண்டிய இலையைப் பறித்தால் செடி மொட்டையாகிவிடும். கீழேயோ, நிறைய இலை அடைத்த தலையணை கேட்பாரற்றுக் கிடக்கிறது. செத்தவர் தலையணையில் தலை வைக்கக் கூடாது என்பது பிரிஜட்டுக்கும் தெரியும். பூசைக்குப் போகிறவள் என்பதால் அந்தப் பயம் போய்விடுமா என்ன? எனவே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தலையணை என்பது உறைதானே, இலைக்கு என்ன தீட்டு? தையலைப் பிரித்து இலையை மட்டும் ஒரு பையில் கொட்டிக்கொண்டு, உறையைக் குப்பையிலேயே போட்டுவிட்டாள். வீட்டில் புதுத் துணியில் உறை தைத்தாள். பழைய இலையோடு செடியில் பறித்து உலர்த்திய இலையையும் கொஞ்சம் கலந்து அடைத்தாள். கோயில் தீர்த்தம் தெளித்து, சிலுவை போட்டுக்கொண்டு படுத்தாள்.

தலைவலி போயே போய்விட்டது. வாரங்கள் மாதங்களாயின, ஒரு விடுப்பு இல்லை. டிப்போ வேலையைப் பற்றி மேலதிகாரி மறுபடி பேசவில்லை. பிரிஜட் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஓட்டினாள். இரண்டு விஷயம்தான் கொஞ்சம் உறுத்தியது. நொச்சிக் கிளைகள் வெளிச்சத்தைப் பார்த்துப் போகாமல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தே வளர்ந்தன. காலையில் எழுந்து பார்த்தால் தலையணையில் இரண்டு தலை பதிந்த மாதிரி இரண்டு பள்ளம் இருந்தது. புரண்டு படுத்திருப்பேன் என்று தட்டிச் சரிசெய்துவிடுவாள்.

அடுத்த வீட்டுக்கு ஷபானாவும் அவள் கணவனும் வாடகைக்கு வந்தார்கள். ஷபானா பாலர் பள்ளி ஆசிரியை, வாய் ஓயாத பெண். வந்த புதிதில் நோன்புக் கஞ்சியைக் கொடுக்க வந்தவள் பிரிஜட்டின் வீட்டு வாசலிலேயே வெகுநேரம் நின்று கதை பேசினாள். போகப் போக அவள் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு பிற்பகல், காலைப் பஸ் ஓட்டம் முடிந்து பிரிஜட் ஓய்வுக்கு வீடு திரும்பியபோது, ஷபானா தலையில் கைக்குட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, ஸ்கூல் இல்லையா?"

"எம்சி லீவு எடுத்துட்டேன்கா. தலைவலி. இங்க வந்த பிறகுதான் இப்படி. நேத்து கிளாஸ்ல ஒரு குழந்தை அழுதுச்சு. அத அப்படியே பிடிச்சுத் தள்ளப் போயிட்டேன்கா. எனக்கே பயமா இருக்கு."

"எங்க வலிக்குது?"

ஷபானா இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "உள்ள யாரோ கட்டைவிரலை வச்சு அழுத்துற மாதிரி. அதுக்கு முன்னாடி ஒரு வாசம் வருது. இலை வாசம், கசப்பா."

பிரிஜட் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்தாள்.

"உன் கட்டில எந்தப் பக்கம் போட்டிருக்க?"

"உங்க வீட்டுச் சுவர ஒட்டித்தான். ஏன்கா?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள். அவளுடைய கட்டிலும் அதே சுவரை ஒட்டித்தான் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு சாண் தள்ளி ஷபானாவின் தலை. அதே இடத்தில்தான் சரோஜினி அக்காவின் கட்டிலும் இருந்தது. தனக்கு இந்த வலி எப்போது தொடங்கியது என்று பிரிஜட் யோசித்தாள். சரோஜினி அக்கா தலையணை தைத்த பிறகுதான். அதற்கு முன்னால் காய்ச்சலில்கூட அவளுக்குத் தலை வலித்ததில்லை. சொல்லாமலே வலி வந்த நாள் அவருக்கு எப்படித் தெரிந்தது? ஏன் கண் கலங்கினார்? அவர் வலி தீரவே இல்லை, சுவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறது. இப்போது அந்தப் பக்கம் போயிருக்கிறது.

"அடிப்பாவி" என்று செத்தவரை வாய்விட்டே திட்டினாள் பிரிஜட்.

இருந்தாலும் இதையெல்லாம் நம்புவதா என்று ஒரு மனசு கேட்டது. பார்த்துவிடுவோம் என்று கட்டிலைக் கிறீச் கிறீச்சென்று இழுத்து எதிர்ச்சுவரில் போட்டாள்.

மறுநாள் காலை ஷபானா பூத்த முகத்தோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "அக்கா, எவ்ளோ நாளாச்சு இப்படித் தூங்கி! தலை அப்படியே கழுவிவிட்ட மாதிரி இருக்கு. நேத்து கட்டில இழுத்தீங்களா? சத்தம் கேட்டுச்சு" என்றாள்.

அன்று பிற்பகல் ஓட்டத்தில், பஸ் நிறைய ஆட்கள் இருக்கும்போது, இலை வாசம் வந்தது. ஐயோ வேண்டாம் என்று பிரிஜட் வாய்க்குள் மாதாவைக் கூப்பிட்டாள். கட்டைவிரல் அழுத்தியது. இடது பக்கத்து நடைபாதை மங்கியது, சாலையோரத்து மரங்கள் மங்கின. பச்சை விளக்கு மட்டும் தெரிந்தது. பாதசாரிகள் கடக்கும் இடத்தில் வலப்புறம் திரும்பினாளோ, நேராகப் போனாளோ, அவளுக்கே நினைவில்லை. பஸ்ஸுக்குள் யாரோ அலறினார்கள். பிரேக்கை மிதித்தாள். நின்றுகொண்டிருந்தவர்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். முன்கண்ணாடிக்கு இரண்டடி தள்ளி ஒரு சீனப் பெரியவர், கவிழ்ந்த தள்ளுவண்டியோடு நின்றார். ஆரஞ்சுப் பழங்கள் சாலையெல்லாம் உருண்டன. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. தப்பு தன்மேல்தான் என்று நினைத்தாரோ என்னவோ, அவளைப் பார்த்துக் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். பிரிஜட்டுக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

வலி இருப்பதைச் சொன்னால் பஸ் போய்விடும். சொல்லாமல் ஓட்டினால் ஒருநாள் உயிர் போய்விடும். டிப்போவில் ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அதையும் அவள் நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் மனசு தனக்கு வேண்டியதற்கு வக்கீல் பிடிக்க நேரமே எடுத்துக்கொள்வதில்லை. ஷபானா யார்மேலும் பஸ்ஸை ஏற்றப் போவதில்லையே என்றது அது. சின்ன வயசு, தாங்கிக்கொள்வாள் என்றது. வாடகை வீடுதானே, என்றைக்காவது போய்விடுவாள் என்றும் சொன்னது.

அன்று சாயங்காலம் பிரிஜட் கட்டிலைப் பழைய இடத்துக்கே தள்ளினாள். இந்த முறை கட்டில் கால்களுக்கு அடியில் பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டாள். சத்தமே வரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பிரிஜட் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஷபானா வெளியே வந்தாள். தலையில் மறுபடியும் கைக்குட்டை. கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது.

"அக்கா, ஆன்லைன்ல பார்த்தேன். நொச்சி இலையில தலையணை செஞ்சு படுத்தா தலைவலி போயிடுமாம்லா. இது நொச்சிதானே? கொஞ்சம் பறிச்சுக்கவா?"

கேட்டுக்கொண்டே ஒரு கிளையைப் பிடித்துவிட்டாள். அவள் அதில் தலை வைத்துப் படுத்தால் வலி சுவரைத் தாண்டி யாரிடம் வரும் என்பது பிரிஜட்டுக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். எடுத்துக்கோம்மா, எல்லாவற்றையும் எடுத்துக்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதைச் சொல்லத்தான் திறந்தாள்.

"இது உனக்கு ஒத்துவராது, பிள்ளை."

பிரிஜட் தன் வாழ்நாளில் யாரையும் பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. ஷபானா கிளையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"நீ போய்ப் படு. நான் இஞ்சி டீ போட்டு எடுத்துட்டு வரேன். தைலமும் இருக்கு" என்று சொல்லிவிட்டு பிரிஜட் அடுப்படிக்குள் போனாள். இஞ்சியைத் தட்டும்போது அவளுக்குக் கண் கலங்கியது. தலை மட்டும் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது.