ஒட்டாத பிளேட்லெட்டுகள்

ரத்தம் தடவிய கண்ணாடி ஸ்லைடு காயும்போது வருகிற ஸ்டெயின் சாய வாடை... விரல் நுனியில் எப்போதும் நீலக்கறை. புதுக்கடை என்கிற ஊரில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியனாக எனக்கு அது முதல் வேலை.

டெங்கு பரவிய நேரம். பஸ்ஸில், சர்ச்சில், மீன் வாங்குகிற இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி, "கவுண்டு எவ்வளவு?" பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருந்தால் பயமில்லை என்று ஊரே நம்பியது. நானும்தான்.

ஜெசிந்தாவுக்குப் பத்தொன்பது வயது. கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். மூக்கில் அடிக்கடி ரத்தம் வருகிறதே என்று கவுண்டு பார்க்க அவள் அம்மா கூட்டி வந்தார்.

விரலில் குத்தி, ரத்தச் சொட்டை மருந்து கலக்காமல் நேராக ஸ்லைடில் மெல்லிதாக இழுத்தேன். அப்படி இழுத்தால் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு, எண்ணவிடாமல் உயிரை வாங்கும். அவளுடையதில் ஒன்றுகூட ஒட்டவில்லை... தனித்தனியாக, அத்தனை சுத்தம். என் கைவேலை என்று பெருமை வேறு எனக்கு!

"கவுண்டு நல்லா இருக்கு அக்கா. ஒண்ணும் பயப்படாண்டாம்."

மறுநாள் பல்லைப் பிடுங்கினார்கள். ரத்தம் நிற்கவே இல்லை. திருவனந்தபுரம் கொண்டு போனபோதுதான் நோய் தெரிந்தது. அங்கேயே போய்விட்டாள்.

பிறகு எங்கள் லேப் டாக்டர் எனக்கு விளக்கினார். காயம் பட்டதும் பிளேட்லெட்டுக்குள் சிக்னல் ஓடும். உடனே அதன் மேலுள்ள ஒட்டுப்புரதம் விரிந்து, ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற பொருளைப் பிடிக்கும். அதன் வழியாகப் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று கோத்துக் காயத்தை அடைக்கும். ஜெசிந்தாவுக்குப் பிறவியிலேயே அந்த ஒட்டுப்புரதம் இல்லை.

ஸ்லைடு அதைத்தான் காட்டியிருக்கிறது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே, பாவி.

இப்போது மெஷின் வந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் கவுண்டு. ஸ்லைடு இழுத்துப் பார்ப்பது நான் மட்டும்தான். கூட இருக்கிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அப்போதெல்லாம் வேலை முடிந்ததும் நிம்மதியாகத் தூங்குவேன்... அந்தத் தூக்கம் போனது போனதுதான்.

போன மாதம் ஜெசிந்தாவின் அம்மா சின்ன மகளோடு வந்தார். இவளுக்கும் ஈறில் ரத்தமாம்.

"திருவனந்தபுரம் போங்க அக்கா. இதுக்க டெஸ்ட் அங்கதான் உண்டு."

"அங்க போய்த்தான மூத்தவ போனா. நீ அண்ணைக்கு நல்ல வாக்கு சொன்ன. இவளுக்கும் நீயே பாரு மக்கா."

நான் வாயை மூடிக்கொண்டால் இவளும் போய்விடுவாள்.

"நல்ல வாக்கு இல்லக்கா... எனக்க தப்பு. நோவு அந்த ஸ்லைடுலயே இருந்துச்சு. நான்தான் பாத்தும் தெரியாம விட்டேன்."

அவர் சின்னவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இத்தன வருசமா உனக்கும் சேத்துல்லா ஜெபம் பண்ணுனேன்."

அவ்வளவுதான். சின்னவளைக் கூட்டிக்கொண்டு போய்த் திருவனந்தபுரம் பஸ் ஏறினார்.