குத்துச்சண்டை மெஷினும் என் மகளின் முதல் பேச்சும்

வீடியோ கேம் கடையில் சில்லறை மாற்றிக் கொடுப்பவளுக்கு முகம் கிடையாது, கை மட்டும்தான். கவுன்டருக்குப் பின்னால் நின்றே காலம் தள்ளும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

பேசுகிற மெஷின்

எண்பத்தைந்து வாக்கில், மெல்போர்னில் கிளென் வேவர்லி ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் எனக்கு வேலை. முதலாளி நிக் நல்லவர். என் மகள் பொன்னியைத் தள்ளுவண்டியோடு கவுன்டருக்குள் வைத்துக்கொள்ள விட்டார். புதிதாக ஒரு குத்துச்சண்டை மெஷின் வந்தது. காசு போடாவிட்டாலும் அதுபாட்டுக்கு ஆடும், சத்தமாகப் பேசும். பச்சைக் கோடுகளால் வரைந்த, காசு போட்டவர் ஆட்டிவைக்கிற ஆள் அடி வாங்கி விழுவான்; மெஷின் ஒன், டூ என்று பத்து வரை எண்ணும், அதற்குள் எழாவிட்டால் தோல்வி.

காலையில் கடையில் வேறு குரலே இருக்காது. நைட் ஷிப்ட் முடித்து வந்த வீட்டுக்காரர் அந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். நான் மெஷினோடு பேச ஆரம்பித்தேன். “எந்திரிடா, சோத்தைத்தானே திங்கிற?” என்று கத்துவேன். வருகிறவர்கள் என்னிடம் பேசுவது ஒரே வார்த்தைதான்: “சேஞ்ச்!”

மெஷினுக்கு லீவு

ஒன்றரை வயதாகியும் பொன்னி வாய் திறக்கவில்லை. கிளினிக் நர்ஸ், “வீட்டில் எல்லாரும் நிறையப் பேசுங்கள்” என்றாள். எல்லாரும் என்றால் யார்? நான் ஒருத்திதான்.

ஆயுத பூஜை வந்தது. ஊர்ப் பழக்கத்தில் மெஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். பிழைப்புக்கான சாமானை அன்றைக்குத் தொடலாமா? அடுத்த ரயில் வரைக்கும் ஆட வந்த ரயில்வே கார்டு பாப், பொட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “உடம்பு சரியில்லையா அதுக்கு?” என்று இங்கிலீஷில் கேட்டார். “இல்லை, இன்னிக்கு அதுக்கு லீவு.” அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“நான் எத்தனை வருஷமா ரயில்ல வேலை பாக்கறேன், எனக்கு ஒருத்தரும் பொட்டு வெச்சதில்லையே!”

எண்ணி முடிப்பதற்குள்

பிறகு ஒரு மழை நாள். கடையில் பாப் மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தார். அவர் ஆள் மல்லாக்க விழுந்தான். மெஷின் எண்ண ஆரம்பித்தது. வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்: “எந்தி டா!”

என் கையிலிருந்த சில்லறையெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. பொன்னி கையை ஆட்டி மறுபடியும், “எந்தி டா!” நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பாப் பயந்துபோய் ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து பொன்னியைப் பார்த்துவிட்டு, போய் இன்னொரு காசு போட்டார். மறுநாள் வந்தவர் ‘சேஞ்ச்’ கேட்கவில்லை. கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றி, சல்யூட் அடிக்காத குறையாகச் சொன்னார்:

“எந்தி டா!”

மெல்போர்னில் கடைக்கு வந்த ஒருவர் என்னிடம் முதன்முதலாகப் பேசிய தமிழ் அதுதான். மரியாதை கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் அப்போது எனக்கிருந்த பேச்சுப் பசிக்கு அதுவே விருந்து.