படித்துக் காட்டப்பட்டது

எங்கள் தெருவில் என்னைப் பற்றி விசாரித்திருந்தால் நல்ல பெண் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவேன். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் போய், குரோம்பேட்டை தாண்டி ஒரு தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்த நல்ல பெண் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறாவது மாதம் நிரந்தரம் செய்வார்கள், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்போதுதான் பிரஸ் செக்‌ஷனில் ஒருவரை சஸ்பெண்ட் செய்தார்கள். நாற்பது வயதிருக்கும். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இறங்கி வெட்டும் இயந்திரம் அவருடையது. கையைக் காக்கும் தடுப்பு உடைந்து ஒரு மாதமாகியும் யாரும் சரி செய்யவில்லை. அடுத்த ஷிப்டில் ஒருவருக்கு ஏற்கெனவே இரண்டு விரல் போயிருந்தது. ஆனாலும் ஓட்டு என்றார் போர்மன். "மொதல்ல நீ கைய வுட்டுக் காட்டு சார், அப்பால நான் வுடறேன்" என்றார் இவர். அவ்வளவுதான். போர்மனின் கையை இயந்திரத்தில் வைத்து நசுக்குவதாக மிரட்டினார் என்று குற்றச்சாட்டுக் கடிதம் போனது. அதையும் நான்தான் டைப் அடித்தேன்.

விசாரணை முடியும்வரை அவர் தினமும் காலையில் கேட்டுக்கு வந்து வாட்ச்மேன் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும். உள்ளே வரக்கூடாது. இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார். நேற்றுவரை அவரோடு ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்தவர்கள் அவரைக் கண்டதும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நானும் அப்படித்தான் நடந்தேன்.

விசாரணை நடத்தியவர் பர்சனல் ஆபீசர். மரியாதையான மனுஷன். கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அறுப்பார். "உங்களுக்கு ஹெல்ப்புக்கு ஒரு ஒர்க்கரைக் கூட வெச்சுக்க ரைட் இருக்கு, தெரியுமில்ல?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும். வருகிறேன் என்று சத்தியம் செய்திருந்த நண்பர் அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டார். "இந்தப் பொண்ணு கீதே சார், போதும்" என்று என்னைக் காட்டிச் சிரித்தார் இவர்.

அவர் தமிழில் பேசினார். ஆபீசர் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல, நான் தட்டினேன். நடந்ததை அவர் உள்ளபடியே சொன்னார். ஆபீசரோ, 'போர்மனின் கையை இயந்திரத்தில் வைத்துவிடுவேன் என்று நான் சொன்னது உண்மை, கோபத்தில் சொல்லிவிட்டேன்' என்று அவர் ஒப்புக்கொண்டதாக ஆங்கிலத்தில் சொன்னார். என் விரல்கள் நின்றன. ஆபீசர் அன்பாக, "ஏம்மா, உன் கன்ஃபர்மேஷன் அடுத்த வாரம்தானே?" என்றார். விரல்கள் ஓடின.

ஒவ்வொரு தாளின் அடியிலும், 'எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டது, சரியாக இருக்கிறது' என்று ஒரு வரி உண்டு. தொழிலாளிக்குத் தெரியாமல் எதையும் எழுதிவிடக் கூடாதென்று அவருக்காக ஏற்படுத்திய பாதுகாப்பு அது. அதன் கீழேதான் கையெழுத்து. "படிச்சுக் காட்டும்மா" என்று சொல்லிவிட்டு ஆபீசர் சிகரெட் பிடிக்கத் தோட்டத்துப் பக்கம் போனார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"எனக்கு இங்கிலீஷ் வராதும்மா. அந்த ஆள நம்பி போட மாட்டேன். நீ சொல்லு, போடறேன்" என்றார்.

'கையெழுத்துப் போடாதீங்கண்ணா' என்று சொல்ல இரண்டே வார்த்தை போதும். ஒட்டுக்கேட்கக்கூட வெளியே ஆள் இல்லை. நான் படித்தேன். தாளில் இருந்ததை அல்ல, அவர் சொன்னதை. இல்லாத வரிகளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, 'கைய வுட்டுக் காட்டு சார்' வரைக்கும் ஒன்று விடாமல் படித்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நான் பேசுன மாதிரியே கீது! நீ நல்லா இருப்பம்மா" என்று சொல்லி, ஐந்து தாளிலும் எழுத்துக் கூட்டித் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் அவரை டிஸ்மிஸ் செய்த உத்தரவையும் என்னை நிரந்தரம் செய்த உத்தரவையும் ஒரே காலையில் டைப் அடித்தேன். அம்மா சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள்.

அவர் லேபர் கோர்ட்டுக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆபீசர் சிரிப்பை அடக்க முடியாமல் என்னிடம் சொன்னார். "டைப்பிஸ்ட் தப்பா படிச்சுக் காட்டினாள்னு சொல்லச் சொல்லி யூனியன் வக்கீல் தலைப்பாடா அடிச்சுக்கிட்டிருக்கார். சொல்லியிருந்தா உன்னைக் கூண்டுல ஏத்தியிருப்பாங்கம்மா. அவன் கேக்கல. கையெழுத்து வாங்கின பேப்பரையே கம்பெனி மாத்திடுச்சுன்னு சாதிச்சிருக்கான். அஞ்சு தாள்லயும் அவன் கையெழுத்து! இவன் சொல்றத நம்ப முடியாதுன்னு ஜட்ஜ் எழுதிட்டார்."

சில நாள் கழித்து ஒரு மாலை, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அவரைப் பார்த்தேன். ஒரு லாரி ஷெட்டில் மூட்டை தூக்குகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் வேகமாக நடந்தேன். அவர் ஓடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"பயப்படாதம்மா" என்றார், மூச்சு வாங்க. "அந்த வக்கீலு உன் மேல பழி போடச் சொன்னான். அது பொய் சொல்ற பொண்ணு இல்ல, படிச்சுக் காட்டுச்சு, என் காதால கேட்டேன்னு சொல்லிட்டேன். உன் பேர கெடுக்க வுடல."

அப்போதும் சொல்லியிருக்கலாம். ஹைகோர்ட்டுக்குப் போக வழி இருந்தது. ஆபீசில் தினமும் இந்தக் காகிதங்களோடு கிடந்த எனக்கு அது நன்றாகவே தெரியும்.

"ரொம்ப தேங்க்ஸ்ணா" என்றேன்.